குளத்தில் கலந்த மெரூன்

சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. அங்கே எங்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. தொட்டி நிரம்பியிருக்கும்போது பெருமழை பிடித்தால் ஓடைப் பக்கத்து வால்வைத் திறந்துவிடுவோம். மழைத் தண்ணீரோடு சாயத் தண்ணீரும் போய்விடும். பழியை மழை மேல் போட்டால் மழை வந்து கேட்கவா போகிறது?

ஒரு கார்த்திகை மத்தியானம் நானும் திறந்தேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சூப்பர்வைசர் "திறந்துடுங்க" என்றார், திறந்துவிட்டுப் போய் டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்த ஓடையின் கீழே இருக்கிறது. ஊர்க் குளத்து நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டும்.

"குளத்துல மீனெல்லாம் செத்து மெதக்குது கண்ணு. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கோணுங்கறாங்க. எந்தம்பி தண்ணி பாக்கற வேலையிலதான் இருக்கறான், அவன் பாத்துச் சொல்லட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். மெஷினை எடுத்துட்டு வா சாமி."

போனேன். கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தண்ணீரில் லேசாகச் செம்மை ஓடியிருந்தது. மற்றவர்களுக்கு அது மழையில் கரைந்த செம்மண். எனக்குத் தெரியாதா? அந்த வாரம் முழுக்க எங்கள் பட்டறையில் ஓடியது மெரூன். என் நகக்கண்ணிலும் அதே நிறம்தான் ஒட்டியிருந்தது. உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, எப்படியிருக்குது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மழைக்கு மண்ணு கலங்கியிருக்குதுங்க. மீனுக்கு மூச்சு முட்டியிருக்கும். தண்ணியில குத்தமில்லீங்க."

வேலை போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான், வேறு சாக்கு என்னிடம் இல்லை. மனு எழுதிய தாளை அக்காவே வாங்கிக் கிழித்தாள்.

மீனில்லாத குளத்தை விட்டுப் பெரிய பறவைகள் ஒவ்வொன்றாகப் போயின. பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டிலேயே கிடந்து கத்தின. அடுத்த வாரம் நான் போனபோது அந்தச் சத்தம் அக்கா வீடு வரைக்கும் கேட்டது. அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை. இன்றைக்கும் பட்டறையில் மோட்டார் நின்றால் போதும், அது என் காதில் தொடங்கிவிடுகிறது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினால் இன்னும் அதிகமாகக் கேட்கிறது.

போன மாதம் பறவைகளைப் பற்றி விசாரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அக்கா ஊருக்கு வந்தார்கள். குளத்தில் எப்போதாவது சாயத் தண்ணீர் கலந்ததா என்று அக்காவிடம் கேட்டார்கள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"இல்லீங்க. எந்தம்பியே மெஷின் வெச்சுப் பாத்தான். அவன் சொன்னா அதுல மாத்தமில்லீங்க" என்றாள்.

ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.