திண்டுக்கல்லில் நடக்கும் தூரத்தில் ஒரு வீடு

1956-ஆம் வருஷம், தை மாதம். முதல் நாள் மாலை எழும்பூரில் ரயிலேறிய நாங்கள் திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை மணி ஆறேகால். பனி இன்னும் விலகவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மலை தெரிந்தது. மலை என்பதைவிடப் பாறை என்பதே சரி. மரமில்லாமல், வழவழவென்று, உச்சியில் கோட்டைச் சுவரைச் சுமந்துகொண்டு ஊரை ஒட்டி நிற்கிறது. காற்றில் லேசாகப் புகையிலை வாசனை.

அந்தப் புகையிலைதான் எங்களை இங்கே வரவழைத்தது. என் கணவருக்கு இவ்வூர் மண்டி ஒன்றில் கணக்கர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதற்குள் வீடு பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

வீடு பார்க்க என்னையும் அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு வருஷங்களுக்கு முன் டிராமிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இடது கால் மட்டும் ஓரங்குலம் குட்டையாக நின்றுவிட்டது. திருவல்லிக்கேணியில் எங்களுக்கு இரண்டாம் மாடியில் குடித்தனம். ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. கீழே இறங்க அவர் கை வேண்டும், தெருவைத் தாண்டவும் அவர் கை வேண்டும். ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் இத்தனை வருஷமாக ஒரு கட்டுக் கீரையைக்கூட நானாகப் பார்த்து வாங்கியதில்லை.

ஸ்டேஷன் அருகே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். நாள் வாடகை இரண்டு ரூபாய். ஒன்பது மணிக்கு வீட்டுத் தரகர் சவரிமுத்து குதிரை வண்டியோடு வந்துவிட்டார். வாய் ஓயாத மனிதர்.

"புது வீடும்மா. கரெண்டு இருக்கு, பைப்பு இருக்கு. சுத்திலும் அம்புட்டும் காலி மனை. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

பழனி சாலையில் ஒன்றரை மைல் போனோம். அவர் சொன்னதில் பொய்யில்லை. சிமெண்டு வாசனை மாறாத வீடு, சிவப்பு ஆக்சைடு தரை. ஜன்னலைத் திறந்தால் சோளக் கொல்லை, அதற்கப்பால் தூரத்தில் சிறுமலை நீலமாகக் கிடந்தது. என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"கடைகண்ணி எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னம்மா, வண்டிய வரச் சொன்னாப் போச்சு. எட்டணாக் குடுத்தா டவுனுக்குக் கொண்டாந்து விட்டுருவான்."

நான் திரும்பி வண்டியில் ஏறினேன்.

சாப்பாட்டுக்குப் பின் என் கணவர் முதலாளியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வருவதாக மண்டிக்குப் போனார். எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. லாட்ஜ் கீழ்த்தளம், படி கிடையாது. வாசலில் தெரு நேராக, மேடுபள்ளமில்லாமல் கடைவீதிப் பக்கம் போயிற்று. கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, நூற்கண்டு விற்கும் பெட்டிக்கடை, அப்புறம் பூக்கடைகள். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையாம்; முழம் ஓரணா. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். யாரும் என் காலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை. மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சந்தில் திரும்பியபோதுதான் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. எதிரே இருந்த பழைய வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவு திறந்தது. என் வயதொத்த ஒரு பெண், கையில் பழைய துணி, தலையெல்லாம் ஒட்டடை.

"ஐயோ, படியில எதுக்கு உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. செத்த நேரம் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவள் பெயர் ஆரோக்கியமேரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உள்ளே காலெடுத்து வைத்ததும் வெயில் பின்வாங்கிவிட்டது. முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். தேக்கு உத்திரங்களுக்கு மேலே நெருக்கமாகக் கட்டை அடுக்கிய மச்சு. நடுவில் சின்ன முற்றம், அதைச் சுற்றி நான்கு மரத்தூண்கள். கைபட்டுக் கைபட்டு இடுப்புயரத்தில் மட்டும் பளபளத்தன. முற்றத்தை அடுத்துக் கிணறு. ஜன்னலின் மேல்வளைவில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. வாசலிலிருந்து கிணற்றடி வரை ஒரே மட்டமான தரை.

"வீட்டைக் காலி செய்கிறீர்களா?" என்று கேட்டேன், கட்டி வைத்த மூட்டைகளைப் பார்த்து.

அவள் சற்றே வெட்கப்பட்டாள். "எனக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயசுல! அவருக்குத் தூத்துக்குடி. அப்பாவும் அம்மாவும் போனப்புறம் இம்புட்டு வீட்டுல நான் ஒருத்திதான் கிடந்தேன். வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்."

கடைவீதி எவ்வளவு தூரம் என்றேன். கூப்பிடு தூரம் என்றாள். டாக்டர்? அடுத்த தெரு. மார்க்கெட்? கோயிலைத் தாண்டினால் மார்க்கெட்.

"எங்களுக்குத் தருவீர்களா?"

அவள் முகம் வாடிவிட்டது. புகையிலைச் சிப்பம் அடுக்க ஒரு முதலாளி கேட்டிருக்கிறார். முற்றத்தைத் தகரம் போட்டு மூடவேண்டும் என்கிறார். நாளைக் காலையில் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"பெரிய மனுசர். அப்பா காலத்துலேருந்து பழக்கம். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

முதலாளியின் பெயரைக் கேட்டேன். ராவுத்தர். என் கணவர் வேலைக்குச் சேரப்போகும் அதே மண்டி.

நான்கு மணிக்கு லாட்ஜுக்குத் திரும்பியபோது அவர் வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "தனியாகவா போய் வந்தாய்?" என்று இரண்டு முறை கேட்டார், அவ்வளவுதான். அறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி பெயரைச் சொன்னதும் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்தார். எதிலும் முந்தி நிற்காத சுபாவம் அவருக்கு. கடையில் சில்லறை குறைந்தால்கூடத் திரும்பிப் போய்க் கேட்கமாட்டார்.

"பழனி ரோடு வீடே போதும்" என்றேன்.

"இல்லை சரசு. எழுந்திரு. அவர் மண்டியில்தான் இருப்பார்."

மண்டியில் சிப்பங்களுக்கு நடுவே ராவுத்தர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கனத்த உடம்பு. அவர் எதிரே நின்று என் கணவர் சொன்னார். துண்டு நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார், ஆனால் சொல்ல வந்ததை விட்டுவிடவில்லை. "என் மனைவி இன்றைக்குத்தான் நாலு வருஷத்துக்குப் பிறகு தனியாக நடந்தாள். அந்த வீடு கிடைத்தால் தினமும் நடப்பாள்."

ராவுத்தர் என் கைத்தடியைப் பார்த்தார். தலையிலிருந்த பூவையும் பார்த்தார்.

"நல்லாருக்கு கணக்கரே! வேலையிலயே சேரல, அதுக்குள்ள என் கோடவுன்ல கை வச்சுட்டீங்க" என்றவர் சிரித்துவிட்டார். "புகையிலைக்கு நடக்கவா தெரியும்? எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் கிடக்கும். அந்தப் பிள்ளகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க வீட்டப் பாருங்க."

வெளியே வந்ததும் என் கணவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். காப்பி கிளப்பில் ஆளுக்கொரு காப்பி குடித்தோம். அவருக்கு இரண்டாவது காப்பியும் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வாடகை பேசினோம். மாதம் முப்பது ரூபாய். மாடத்தில் ஒரு சின்ன மாதா சொரூபம் இருந்தது. "இதை எடுத்துருறேன். நீங்க விளக்கு வைக்கணும்ல" என்றாள் ஆரோக்கியமேரி. "இரண்டு பேருக்கும் இடமிருக்கிறது" என்றேன்.

அன்று மாலை ரயிலுக்கு அவள் வழியனுப்ப வந்தாள். சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"பொறந்ததுலேருந்து இந்த ஊர விட்டு இருந்ததில்ல. தூத்துக்குடியில எனக்கு ஒரு கடைக்காரனைக்கூடத் தெரியாது. எப்பவாச்சும் மனசு கேக்காம வந்தா, வீட்டுக்குள்ள செத்த நேரம் உக்கார விடுவீங்களா?"

இரண்டு நாளாக எனக்குக் கிடைத்ததை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். விட்டுப் போகிறவளும் அதே முற்றத்தில்தான் நின்றிருந்தாள்.

"உட்காருவது என்ன, தங்கிவிட்டுப் போ" என்றேன். அதுவரை நீங்கள் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வாரேன்" என்றாள். ரயிலில் போகிறவள் நான். வருகிறேன் என்று சொன்னவள் அவள்.