பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

கங்காதரன் குட்டி யானை வண்டியின் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்றார். லைட்ஹவுஸ் குப்பத்தில் விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போகிறவர். சாலைப் பயணம் என்றால் அவருக்குப் பொன்னேரி வரைக்கும்தான். அதற்கு மேலும் ஊர் இருப்பதை டிவியில் பார்த்திருக்கிறார்; முழுசாக நம்பியதில்லை.

மகள் நந்தினி அந்த நம்பாத உலகத்துக்குத்தான் போய்விட்டாள். கொச்சிப் பக்கத்திலிருந்து படகு என்ஜின் ரிப்பேர் பார்க்க விஜய் என்றொருவன் வந்தான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான். என்ஜின் இன்னும் சரியாகவில்லை. "அதான் எனக்குக் கோவம்" என்று கங்காதரன் சொல்லித் திரிந்தார். குப்பத்தில் ஒரு நாய்கூட நம்பவில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். "நைனா, பையன் தவழறான். ஒரு தபா வந்து பாரேன்."

"இங்க வேலை கீது" என்று போனை வைத்தார். வைத்த கையோடு, கேரளாவுக்குக் கருவாடு ஏற்றும் உலகநாதனிடம் போய், "வண்டில இடம் கீதா?" என்றார்.

கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று குப்பத்தில் கேட்கக் கூடாது. பெண்டாட்டி கோவிந்தம்மாவும் கேட்கவில்லை. மடவை மீன் வறுவலையும், பேரனுக்காக வாங்கி ஒளித்து வைத்திருந்த கிலுகிலுப்பையையும் ஒரே பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். மீன் வாசம் ஏறிய கிலுகிலுப்பையை வாயில் வைத்ததும், தான் எந்த ஊர்க்காரன் என்று பேரன் தெரிந்துகொள்ளட்டும்.

விடிகாலையில் வண்டி கிளம்பியது. கங்காதரன் கருவாட்டு மூட்டைமேல் ஏறி, லைட்ஹவுஸைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தார். கடலில் அவருக்கு வழி சொல்வது முன்னால் இருக்கும் தண்ணீர் இல்லை, பின்னால் இருக்கும் கரை. லைட்ஹவுஸும் அதற்கு வடக்கே நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் சேர்ந்தால் அங்கே வலை போடலாம். விலகினால் வேறு இடம். கரை கண்ணில் இருக்கும்வரை வீடு தொலைவதில்லை.

"மாமா, முன்னாடி வாய்யா. கருவாடுன்னு எவனாவது எட போட்டுடப் போறான்!" என்றான் வண்டி ஓட்டிய உலகநாதன்.

"நீ முன்னாடி பாத்து ஓட்டு. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

பழவேற்காடு பாலம் தாண்டியபோது லைட்ஹவுஸ் சுண்டுவிரல் அளவு இருந்தது. பொன்னேரிக்கு முன்பே காணோம். அப்புறம் அடையாளத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தார், போய்விட்டது. ஒரு கோபுரம், அதுவும் போய்விட்டது. பெரிய ரோடு ஏறியதும் எல்லாம் ஒரே மாதிரி. டோல்கேட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டவர்களைப் பார்த்துக் கையாட்டினார்; ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை. வேலூரைத் தாண்டியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சுற்றிலும் மலை. கங்காதரன் வண்டியைத் தடதடவென்று தட்டினார்.

"திருப்புடா."

"இன்னாத்துக்கு?"

"கரை தெரியல."

"இது ரோடு மாமா. இங்க ஏது கரை?"

"அதான் சொல்றேன், திருப்பு."

உலகநாதன் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினான். நுங்கு விற்பவரிடம் இரண்டு நுங்கு வாங்கி, ஒன்றை நீட்டினான். "திருப்பறேன். வரலன்னு நந்தினிகிட்ட நீயே சொல்லிடு."

கங்காதரன் போனை எடுத்து, எண்ணை அழுத்தாமல் வைத்திருந்தார். ஒரு டவுன் பஸ் கடந்து போனது. கடைசி சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இவரையே பார்த்தாள்.

நந்தினியும் போன அன்றைக்குக் கடைசி சீட்டில்தான் இருந்தாள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஐஸ் வாங்க நின்ற கங்காதரன் பார்த்தார். பார்த்ததும் கைலி கட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடிப் போகிறவள் எதற்குப் பின்னால் பார்க்கிறாள் என்று அன்றைக்கு ஆத்திரம். இப்போது நுங்குத் தண்ணி முழங்கைவரை வழிய, அவருக்கு உறைத்தது. ஓடுகிறவள் முன்சீட்டில் அல்லவா உட்காருவாள்? அவள் கரையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். கரைதான் திரும்பிக்கொண்டது.

எண்ணை அழுத்தினார்.

"நைனா?"

"அன்னிக்கு பஸ்ல கடைசி சீட்ல இன்னாத்துக்குக் குந்தினே?"

"லைட்ஹவுஸ் மறையற வரிக்கும் பாத்துனே போனேன். நீதான் அந்தப் பக்கம் திரும்பிக்கினே."

"கைலி அவுந்துச்சி."

"சரி நைனா." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை. "வண்டி சத்தம் கேக்குதே. எங்க போற?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். கங்காதரனுக்குக் கோபம் வரவில்லை.

"உன் ஊட்டாண்டதான்."

பையோடு முன்சீட்டில் ஏறினார். உள்ளே கிலுகிலுப்பை ஆடியது. வண்டி நகர்ந்ததும் பக்கத்துக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பினார். அதில் புளியமரம் சின்னதாகிக்கொண்டே போனது.

"கண்ணாடியத் தொடாத மாமா! பின்னாடி லாரி வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்தா சொல்றேன். நீ ஓட்டு."