வடிவு கேட்க முடியாத சாவி

“வண்டிச் சாவியத் தேடாதீங்க. எல்லாம் என்ற அண்டாக்குள்ள பத்திரமா இருக்குதுங்க.”

யாரும் தேடவில்லை. போன வாரம் விஜயநகரில் ஒரு வீட்டில், விருந்தாளிகள் அப்போதுதான் மாடியேறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வடிவு வாசலிலேயே சாவிகளை வாங்கி வைத்துக்கொண்டு இதை முதலிலேயே சொல்லிவிடுவாள். மைசூரில் வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துப் போடுகிற ஹனூர்க்காரி. பாட்டில் திறக்கிற வீடென்றால் அவளுக்கென்று சட்டம் உண்டு. பிரியாணி வயிற்றுக்குள் போகாமல் கிளாஸ் கிடையாது. தயிர்சாதம் வந்துவிட்டால் பாட்டில் உள்ளே போய்விடும். குடித்தவருக்குச் சாவி மறுநாள்தான். ஒரு பேங்க் மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். “மேனேஜரெல்லாம் பேங்குலீங்க சார். இங்க ஆட்டோவுலதான் போகோணும்” என்று சொல்லிவிட்டுக் கரண்டி கழுவப் போய்விட்டாள்.

அந்த வாய் சொந்த வீட்டில் எழும்பவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் வீட்டு மொட்டை மாடியில் மருமகன் கவின்ராஜ் சிநேகிதர்களோடு குடிக்கப் போகிறான். சாயங்காலம் மகள் தீபாவையும் மூன்று மாதப் பேரனையும் காரில் ஏற்றிக்கொண்டு, அவனே தன் ஊரான கொள்ளேகாலுக்கு ஓட்டிப் போகப் போகிறான்.

மாப்பிள்ளையோடு மாமியார் நேராகப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. எடுத்துச் சொல்லப் புருஷனும் இல்லை, இறந்து ஆறு வருஷம். சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம்தான் சொல்ல வேண்டும். பேரன் கொட்டாவி விட்டதைக்கூடத் தெரு முழுக்கச் சொல்லி வந்தவள், நேற்று அவனை மடியில் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சாமி, காருக்கு ஒரு டிரைவர வெச்சுக்கலாம்னு உங்கப்பாருகிட்டச் சொல்லு. அம்மிச்சியே ஆள் பாக்கறேன்னு சொல்லு.”

கவின்ராஜ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டேய், உங்கம்மிச்சிகிட்டச் சொல்லுடா. உங்கப்பன் ரெண்டு அடிச்சாத்தான் ஸ்டெடியா ஓட்டுவான்னு.”

தீபா அடுப்படிக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். “விட்டுரும்மா. அவரு கோவிச்சுக்கிட்டா அங்க போயி நான்தான இருக்கோணும்?”

“நீயும் கொழந்தையும் பஸ்ஸுல போயிருங்க கண்ணு.”

“அத்தை வாசல்ல ஆரத்தித் தட்டோட நிப்பாங்க. நாங்க பஸ்ஸுல போயி எறங்கறதா?”

வடிவு மறுநாள் பிரியாணிக்கான அரிசி மூட்டையைப் பிரித்தாள். மூன்று கிலோ போதுமென்று இருந்தவள் ஆறு கிலோ அரிசி அளந்து வைத்தாள். வயிறு நிறைந்தால் கொஞ்சம் குறைத்துக் குடிப்பான். ஆனால் வளைகாப்பன்று குடித்துவிட்டு அவன் தட்டைத் தொடவே இல்லை. அதுவும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

இன்று காலையில் பேரனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினாள். அவன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். அவளும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பிறகு அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் அவன் காதருகே குனிந்தாள்.

“காச்சக் கொழந்தைய ஆரும் வண்டியேத்த மாட்டாங்க சாமி. இன்னைக்கு ஒரு நாளு, லேசா உனக்கு வரட்டும்.”