ஷெட்டுகளின் மேல் மூடுபனி

எங்கள் வீட்டுக்குள் ஓவியக்கலை வேஸ்ட் தாளாகத்தான் நுழைந்தது. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். என் நோட்டுகளுக்கு அட்டை போட, அச்சில் கழித்த தாள்களை அவ்வப்போது சுருட்டிக்கொண்டு வருவார். நான் ஏழாவது படித்த வருஷம் அப்படி வந்த சுருளில் ஒரு காலண்டர் படம் இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் வரைந்த வயல். கிட்டத்தில் பார்த்தால் சாயத்தைத் தொட்டுத் தொட்டு அப்பியது போல இருந்தது, ஒரு கோடு கூடக் கிடையாது.

"அங்கன தள்ளி நின்னு பாரு" என்றார் அப்பா.

வாசற்படிக்குப் போய்த் திரும்பினேன். வயல், மரம், அதன் மேல் காலை நேரத்து மூடுபனி எல்லாம் வந்துவிட்டன. எனக்கு அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது.

விருதுநகரில் நடந்த ஓவியப் போட்டிக்கு, 'எங்கள் ஊர்' என்று படம் வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாக வேண்டும். மருந்து வைக்காத தீக்குச்சிகளைச் சேர்த்து நூலால் கட்டினேன். புள்ளி வைக்க பிரஷ்ஷைவிட அதுதான் தோது. மொட்டைமாடியில் உட்கார்ந்து எதிரே தெரிந்ததை எல்லாம் அப்பினேன். கரிசல் காடு, பனைகள், அதற்கு அப்பால் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் ஷெட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி. அப்படியும் படம் எதுவோ குறைந்தாற்போல இருந்தது. காலண்டரில் மூடுபனி இருக்கிறதே என்று, ஷெட்டுகளின் மேல் சாம்பலும் ஊதாவும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்தேன். எங்கள் ஊரில் மூடுபனி இறங்கி நான் பார்த்ததே இல்லை. கலை என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

அது தீபாவளி சீசன். அம்மா வரும் நேரம் தாண்டிவிட்டது. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, தெருமுனை திரும்பும்போதே "வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள். வீட்டுக்கு வருவதற்கு எதற்குத் தண்டோரா என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அன்று அந்தக் குரலைக் காணோம். அப்பா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். நானும் கவலையோடு ஊதிக்கொண்டிருந்தேன், படம் இன்னும் காயவில்லையே என்று.

ஒருவழியாகக் குரல் கேட்டது. அப்பா போய் உட்கார்ந்துகொண்டார். நான் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவை வாசற்படியிலேயே நின்று பார்க்கச் சொன்னேன். பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எந்தப் பக்கம் தாயி புகை? எங்க கம்பெனியா?"

மூடுபனி என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, நம்ம ஊரில் ஏது மூடுபனி, அந்தப் புகையை எடுத்துவிடு என்றாள். அழித்தால் தாள் கிழிந்துவிடும் என்று நான் அழ ஆரம்பித்தேன். பிள்ளை வரைந்த படம்தானே என்று வாயெடுத்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். விரல்களில் இன்னும் வெள்ளிப் பொடி மினுங்கியது. கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தின் முன் உட்கார்ந்து, சிவப்புச் சாயத்தில் ஆள்காட்டி விரலைத் தொட்டாள். ஷெட்டுகளிலிருந்து ஊருக்கு வரும் பாதையில் அழுத்தி ஒரு அப்பு. அதன் மேல் கறுப்பில் சின்னதாக ஒரு தலை.

"இது ஆரு?" என்றேன்.

"நாந்தான். வந்துட்டேன்ல."

புதிதாக வரைய நேரமில்லை. பனைமரத்தைவிட உயரமாக ஒரு பொம்பளை நடந்து வருகிறாளே என்று டீச்சர் சிரித்தார். பரிசு கிடைக்கவில்லை. அந்தச் சிவப்பால்தான் போனது என்று அம்மாவோடு பேசாமல் இருந்தேன். திரும்பி வந்த படத்தை அவளே சோறு வைத்துச் சுவரில் ஒட்டினாள்.

அதன் பிறகு தினமும் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது, வாசற்படி வரை போய் நின்று, திரும்பி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். அம்மாவும் படத்தைத் தள்ளி நின்று பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.