யன்னல் உள்ள வழி

என் சமையலறை இழுப்பறையில், பூட்டுகளைத் தொலைத்த பழைய திறப்புகளுக்கும் காலாவதியான உத்தரவாதச் சீட்டுகளுக்கும் நடுவே, நாலாக மடித்த தாள் ஒன்று கிடக்கிறது. மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்த சிறிய பயண முகவர் நிலையத்தில் அச்சிட்டது. சுவிஸ் ரயில்கள் மூன்றின் நேரங்கள் மூன்று வரிகளாக இருக்கின்றன. பக்கத்தில், துணியில் குறியிடும் நீலப் பென்சிலால், மாமி தமிழில் ஏதேதோ குறித்திருக்கிறார். தாளின் தலையில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், 'யன்னல்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வீட்டில் ஒரு தை மாதம் முழுக்கச் சண்டை நடந்தது. அதில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் மறைத்து எழுதப்போவதில்லை.

மாமி அப்பாவின் தங்கை. கலியாணம் செய்யவில்லை, செய்யாததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு, "உங்களை மாதிரிக் கேள்வி கேக்கிற ஒருத்தரும் வாய்க்கேல்லை" என்பார். எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். காலையில் பேருந்து, பிறகு மெட்ரோ, பிறகு பத்து மணித்தியாலம் தையல் இயந்திரம். அந்தத் தொழிற்சாலையில் பனிச்சறுக்குக்காரர்கள் போடும் தடித்த சட்டைகளைத் தைத்தார்கள். மாமியின் பொறுப்பு, முன்பக்கம் இழுத்துப் பூட்டும் சங்கிலி, அதுதான் 'சிப்', பொருத்துவது. மலையில் சறுக்கும் ஒரு மனிதரையும் அவர் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய கழுத்துவரைக்கும் குளிர் ஏறாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அப்பா முதலில் கனடாவுக்கு வந்து, பிறகு மாமியையும் அவருடைய தம்பியான சித்தப்பாவையும், காசுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் எடுப்பித்தார். வழியை அப்பாவும் ஏஜென்சிக்காரனும் தொலைபேசியில் தீர்மானித்தார்கள். போகிறவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இத்தாலியிலிருந்து அக்காவையும் தம்பியையும் சாமான் ஏற்றும் மூடிய வான் வண்டி ஒன்றில் ஏற்றி, தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருத்தி, மலைகளைத் தாண்டி சுவிஸ் எல்லைக்குள் கொண்டுபோனார்கள். அங்கே வந்து சேர்ந்த கடவுச்சீட்டு ஒன்றுதான். அதிலிருந்த படம் மாமியின் முகத்துக்குப் பொருந்தியது. தம்பியை இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது அவர் சொன்னாராம்: "அக்கா, நீங்கள் போங்கோ. நான் பேந்து, அடுத்தமுறை வாறன்." கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். அது எந்த ஊர், எந்தத் தெரு, வெளியே மழையா பனியா என்றுகூட மாமிக்குத் தெரியாது.

பதினெட்டு வருடம். சித்தப்பா அங்கேயே தங்கி, உயரமான பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு சமையல்காரரானார். அவர் கையில் இருந்த தங்கும் அனுமதி அட்டை நாட்டை விட்டு வெளியே போக விடாத அட்டை. மாமிக்கோ பிரெஞ்சு படித்து, பிரஜாவுரிமை எடுத்து, கடவுச்சீட்டு வர அத்தனை காலம் போனது. தெருமூலை டெப்பனர் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டைகளில்தான் உடன்பிறப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மார்கழியில் தொழிற்சாலையை மூடினார்கள். எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்து இருந்த நேரத்தில் மாமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாசியில நான் தம்பியிட்டப் போறன்."

போவது பற்றி ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எப்படிப் போவது என்பதில்தான் வந்தது வினை. எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போனால் இறங்கும் விமான நிலையத்தில் ஒரு சொந்தக்காரர் வந்து காரில் ஏற்றியே ஆகவேண்டும். ஏற்றாவிட்டால் ஏற்றாதவருக்கும் மானக்கேடு, ஏறாதவருக்கும் மானக்கேடு. அப்பா மேசையில் வரைபடத்தை விரித்தார். லண்டனில் இறங்கி மச்சாள் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போகலாம். பாரிஸில் இறங்கினால் ஒன்றுவிட்ட அண்ணன் காரில் கொண்டுபோய் விடுவார். இல்லாவிட்டால் சூரிச்சில் பலசரக்குக் கடை வைத்திருக்கும், அப்பாவுக்கு அண்ணன் முறையான பெரியப்பா வாசல்வரை கொண்டுபோவார். பெரியப்பாவோடு அப்பா எத்தனை தரம் கதைத்தார் என்று கணக்கில்லை. டயருக்குச் சங்கிலி போடுவதா, சுரங்கத்தால் போவதா, கணவாயால் போவதா என்று இரண்டு பேரும் படை நடத்துகிறவர்கள்போலக் கதைத்தார்கள். போகிற மனுசி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

உரித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணை, நான் சூரிச்சில இறங்கி ரயில்ல போவன். பகல் ரயில்."

"உனக்கு விசரே? பாஷை தெரியாத இடத்தில மூண்டு ரயில் மாறுவியோ? அண்ணர் வந்து ஏத்துவார். நீ காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம்."

"படுத்துக்கொண்டு போனது காணும், இனிப் போதும்," என்றார் மாமி. "உந்த மலையளுக்குள்ளால நான் ஒருக்காப் போனனான். ஒண்டும் காணேல்லை. அப்ப என்னைக் கொண்டு போனவை. இந்தமுறை நானாப் போறன்."

அப்பா வரைபடத்தை மடித்தார். அந்தப் பழைய வழியைத் தெரிவு செய்தவர் அவர்தானே. ஆனால் குற்றவுணர்ச்சி வந்தால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு முதலில் வருவது கோபம். அடுத்த நாள் அப்பா ஒரு அட்டையில் மாமியின் பெயர், சித்தப்பாவின் விலாசம், 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று மூன்று மொழியில் எழுதி, கழுத்தில் போடக் கயிறும் கட்டிக் கொண்டுவந்தார். மாமி கயிற்றை அவிழ்த்து எடுத்துக் கறிவேப்பிலைக் கன்றுக்கு முட்டுக் கட்டினார். "நான் என்ன பாசலோ?" என்று கேட்டார்.

பாசல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாமி சுவிஸுக்குப் போகிறார் என்ற செய்தி பரவியதுதான் தாமதம், மொன்ட்ரியால்-நோர் முதல் எங்கள் தெருவரை சனம் பொதியோடு வரத் தொடங்கியது. வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, தைத்து முடித்த சாரிச் சட்டைகள், மேப்பிள் மரத்து இனிப்புப் பாணி அடைத்த தகரங்கள், யாரோ ஒருவரின் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் சாதகம். போகிறவர் மறுக்கக்கூடாது, மறுத்தால் ஏழு தலைமுறைக்கும் கதை நிற்கும். மாமி ஒன்றையும் மறுக்கவில்லை. இரண்டு பெரிய சூட்கேஸ் நிறைந்தன. அவற்றைக் காட்டி அப்பா வெற்றியோடு சிரித்தார்: "இனிச் சொல்லு பாப்பம். உதுகளை இழுத்துக்கொண்டு மூண்டு ரயில் மாறுவியோ?" மறுநாள் மாமி என் வேலையிடத்துக்கு வந்து முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்து, முதல்தடவை வந்த வாடிக்கையாளர்போல, "பிள்ளை, ரயில் நேரம் எடுத்துத் தா. நான் வாற நேரம் பெரியப்பாவுக்குத் தெரியவேண்டாம்" என்றார். இந்தத் தாள் அன்று எடுத்ததுதான்.

ஓம் மாமி என்றேன். அன்று பின்னேரமே பெரியப்பாவுக்கு அழைத்து விமான இலக்கத்தையும் வந்திறங்கும் நேரத்தையும் கொடுத்தேன்.

ஏன் செய்தேன்? ரயில் தவறி அந்நிய நிலையங்களில் அழுத எத்தனையோ பேரின் அழைப்பை எடுத்தவள் நான், அந்தப் பயம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். இருபத்தாறு வயதில், கணினியைத் தட்டத் தெரிந்த கொழுப்பில், மாமிக்கு எது நல்லதென்று மாமியைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஏஜென்சிக்காரனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

மாமி போன அடுத்த நாள் சித்தப்பா வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மாமி என்னைத்தான் கேட்டார்.

"நீதானே சொன்னனி?"

"ஓம் மாமி."

"நல்லதாப் போச்சு. சாமான் தூக்க ஒரு ஆள் வேண்டிக் கிடந்தது" என்றார்.

நடந்தது இதுதான். சூரிச்சில் வெளியே வந்ததும் பெரியப்பா கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மாமி முகம் கோணவில்லை. நலம் விசாரித்து, அவரோடு வாகனத் தரிப்பிடம்வரை நடந்து, இரண்டு சூட்கேசையும் அவரைக் கொண்டே ஏற்றுவித்திருக்கிறார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அண்ணை, சாமானை நீங்கள் கொண்டு வாங்கோ. நான் ரயில்ல வாறன்" என்று சொல்லித் திரும்பி நடந்துவிட்டார். பெரியப்பா பின்னால் ஓடிவந்து கத்தினாராம், மானம் போகுது என்று. "உங்கட மானம் வானுக்குள்ள பத்திரமாக் கிடக்கு" என்று சொல்லிப் படியிறங்கினாராம் மாமி. இதில் இன்னொரு கூத்து: அந்த ஊருக்குள் காரே விடமாட்டார்கள். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு எவரும் ரயில்தான் ஏறவேண்டும். மாமிக்கு அது முன்னமே தெரியும். அப்பாவோ பெரியப்பாவோ அவரைக் கேட்டால்தானே சொல்வதற்கு. பாவம் பெரியப்பா, முழு மொன்ட்ரியாலின் மிளகாய்த்தூளையும் இழுத்துக்கொண்டு மலை ரயிலில் ஏறி, மாமி சேர்ந்து இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்திருக்கிறார்.

நான் சிரித்தேன். விட்டது சனி என்று நினைத்துச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. "பிள்ளை, அது கடைச் சாமான் ஏத்திற வான். அதுக்குப் பின்பக்கம் யன்னல் இல்லை" என்றார்.

பெரியப்பா காரில் வருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன், கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "அழாதை, அட்டை முடியப்போகுது" என்று வைத்துவிட்டார்.

மூன்று கிழமை கழித்து வந்ததும் இந்தத் தாளை என் கையில் தந்தார். முதல் ரயிலின் பக்கத்தில்: 'வயல் எல்லாம் வெள்ளை. ஒரு மாடும் இல்லை.' இரண்டாவதில்: 'இடப்பக்கம் பெரிய ஏரி. பிறகு நீளச் சுரங்கம், இருட்டு, பயப்படவில்லை.' மூன்றாவதில்: 'நான் தைத்த மாதிரிச் சட்டை ஏழு பேர். ஒருவனுக்குச் சங்கிலி பூட்டுப்படவில்லை, பூட்டிவிட்டேன்.' கடைசியில் ஒரே ஒரு வரி: 'தம்பி நிண்டான்.' வேறு ஒன்றுமில்லையா என்று கேட்டேன். மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். சமையல்காரரின் வெள்ளைச் சட்டையோடு, கையில் கோதுமை மா ஒட்டியபடி நின்றாராம் சித்தப்பா. தலை பாதி நரைத்திருந்ததாம். அக்கா என்று கூப்பிட வாய் எடுத்தவரிடம் மாமி முந்திக்கொண்டாராம்: "பேந்து வாறன் எண்டனி. நீ வரேல்லை. நான் வந்திட்டன்."

அப்பா இந்தக் கதையைக் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் கறிவேப்பிலைக் கன்றின் கயிற்றை அவர் அவிழ்க்கவும் இல்லை.

இப்போது மாமி மொன்ட்ரியாலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் என்னோடு இருக்கிறார். முழங்கால் விமானப் படி ஏற விடாது. சித்தப்பா அடுத்த மாதம் ஹோட்டலிலிருந்து ஓய்வு பெறுகிறார். குடும்பத்தின் சார்பில் நான் போகிறேன். சனம் வழமைபோலப் பொதிகளோடு வந்துவிட்டது. இரண்டு சூட்கேஸ் நிறைந்தாயிற்று. நேற்றுச் சூரிச்சிலிருந்து பெரியப்பாவின் மகன் அழைத்தான். அவனிடம் இப்போது பெரிய கார், சூடேறும் இருக்கைகள், எல்லாம் இருக்கிறதாம். "ரயில் ஏன் அக்கா? நான் வந்து ஏத்துறன்."

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து விரித்தேன். மேசைக்கு எதிரே மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார்.

"வாங்கோ தம்பி, கட்டாயம் வாங்கோ," என்றேன். "ரெண்டு சூட்கேஸ் இருக்கு. அதை ஏத்துங்கோ. நான் ரயில்ல வாறன்."

மாமி தாளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "இடப்பக்கம் இரு," என்றார்.