மகள் என்று எழுதப்பட்ட வசந்தா

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்று கொடுக்கத் தஞ்சாவூரில் வங்கி வரிசையில் நின்றிருந்தேன். ஓய்வூதியம் வாங்கும் நம் எல்லோருக்கும் வருஷா வருஷம் இந்த வேலை உண்டு. ரேகை பார்க்கிற கருவியில் என் கட்டைவிரல் பதியவே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள் வங்கிப் பெண். துடைத்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. வசந்தா அண்ணி. "மாமா போயிட்டாங்க தம்பி" என்றார். அழுகை இல்லை, களைத்துப்போன குரல். சான்றை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

கலியபெருமாள் அண்ணனை நம் முன்னாள் படைவீரர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேநீர் வந்ததும் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் ஹவில்தாராக இருந்து, ஊர் திரும்பி நெல் பயிர் செய்தார். ஏதோ ஒரு மனுவோடு அலைகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். என்ன மனு என்று பலருக்குத் தெரியாது, சொல்ல அவருக்குக் கூச்சம். இனிச் சொல்லலாம். அவருடைய பணிப் பதிவில் மனைவி வசந்தாவை மகள் என்று எழுதிவிட்டார்கள். மகள் என்று இருந்தால் அவர் காலத்துக்குப் பின் அண்ணிக்கு மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அதைத் திருத்தித் தரச் சொல்லித்தான் அந்த மனிதர் அலைந்தார்.

தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அந்த அக்காவும் புருஷனை இழந்தவர், ஒரே ஒரு பெண் குழந்தை. பட்டாளத்தில் சேரும்போது வீட்டில் யார் யார் என்று கேட்டதற்கு அக்கா, அக்கா மகள் வசந்தா என்று இரண்டு பெயரையும் சொல்லியிருக்கிறார். பத்து வருஷம் கழித்து அதே வசந்தாவைக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகிவிட்டது, மனைவி பெயர் வசந்தா என்று எழுதிக் கொடுத்தார். நம் பக்கத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டாவிட்டால்தான் ஊர் ஏன் என்று கேட்கும்.

ஆனால் அந்தப் பதிவைப் பார்த்த எழுத்தர் வடக்கே எங்கோ பிறந்தவர். அக்கா பெற்ற பெண்ணைக் கட்டுவது என்பது அவர் ஊரில் காதால் கேட்கவே கூசும் காரியம். இந்த மதராசிக்கு இந்தி வராது, அக்கா பெண்ணை எடுத்து வளர்க்கிறான் போல, அதைத்தான் தப்பாகச் சொல்கிறான் என்று அவராகவே முடிவு செய்து, மகள் என்று எழுதியிருக்க வேண்டும். நானும் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவன். அந்த ஆள் உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "உங்க ஆளு செஞ்ச உதவி சவரி. என் பொண்டாட்டியை எனக்கே பொண்ணாக்கிட்டான்" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொல்வார்.

ஓய்வுபெற்றபோது கொடுத்த பணிப் புத்தகம் டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்கில் தூங்கியது. அண்ணிக்கு மருத்துவ அட்டை எடுக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வேன். அவர் அலுத்துக்கொள்ள மாட்டார். "நம்ம வயலுக்கும் வரும். மடையை மட்டும் அடைச்சிடாதே" என்பார். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகும் வாய்க்காலில் வருவதற்கு வரப்பில் காத்து நிற்கிறவர் அல்லவா, அந்தப் பொறுமை அவருக்கு இருந்தது. எனக்கு இல்லை.

ஒரு தடவை பட்டாளப் பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மகளை மனைவி என்று மாற்றக் கோருவதற்கான காரணத்தை விளக்கவும் என்று ஒரே வரி. படித்துவிட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணி கேட்டார். இன்னும் ஒரு காகிதம் கேட்கிறார்கள் என்று மழுப்பினேன். அண்ணன் என் கையிலிருந்து அதை வாங்கி, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்து, அண்ணியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால், "சர்க்கார் கணக்குல நமக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்று அண்ணன் கிண்டல் செய்வதும் அண்ணி சிரிப்பதும் வழக்கம். அன்று அண்ணி சிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் அதற்குப் பிறகு அந்தக் கிண்டலைச் செய்ததே இல்லை.

கடைசியாக, இப்படி ஒரு வழக்கம் உங்கள் பகுதியில் உண்டு என்று வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். இருவரும் தாலுகா அலுவலகம் போனோம். மேசைக்கு மேசை அனுப்பினார்கள். அங்கிருந்த இளவயது ஊழியர் ஒருவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். தன்னுடைய அம்மாவே அவருடைய தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டார் என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் சொன்னார்: "ஆனா சார், இப்படி ஒரு சர்டிபிகேட் எங்ககிட்ட இல்லை. ஊர் உலகத்துக்கே தெரிஞ்சதுக்கு யார் சார் சர்டிபிகேட் கேப்பாங்க?" எனக்கு ஆத்திரம் வந்து ஏதோ கத்தினேன். அண்ணன் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்றார். தப்பு இல்லைதான். யார் மேலும் தப்பு இல்லாமலேயே ஒரு மனிதரின் ஆயுள் கழிந்துவிட்டது, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நுரையீரலில் நீர் கோத்து அவர் படுத்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். மனுவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அண்ணியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு வேறொன்று கேட்டார். புருஷன் இறந்தால் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மாவும் போய்விட்டார். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது தாய்மாமன் ஒருவர்தான்.

"அவளுக்குக் கோடி எடுக்க வேண்டியவன் நான்தான் சவரி. அன்னைக்கு நானே படுத்துக் கிடப்பேன். நீ எடுத்துட்டு வந்துடு."

சரி என்றேன்.

அதனால்தான் அன்று பேருந்தை விட்டு இறங்கியதும் நேராக அவர் வீட்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போனேன். அண்ணி கட்டுகிற மாதிரி பச்சைக் கரை போட்ட நூல் சேலை ஒன்று எடுத்தேன். சாவு வீட்டில், பிறந்த வீட்டுக் கோடி யாருடையது என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தபோது கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் முன்னால் போனேன். இவர் வேதக்காரர் ஆச்சே, கிறிஸ்தவர் கோடி போடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியவர் அதைக் காதில் வாங்காமல், போடச் சொன்னார். சேலையை அண்ணியின் தோளில் போட்டேன். அதுவரை அழாதவர், "அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயதில் நான் மூத்தவன் என்றாலும், அத்தனை வருஷமாக அவர் வாயில் நான் தம்பிதான்.

கருமாதி முடிந்து, இறப்புச் சான்றிதழோடு இருவரும் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் புதிதாக ஒருவர். கணினியில் பார்த்துவிட்டு, இறந்தவர் உங்களுக்கு அப்பாவா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா பேசினாள். "எனக்குத் தாய்மாமா. அவரையே கட்டிக்கிட்டேன். ரெண்டும் அவருதான், அப்படியே எழுதிக்கிங்க." அவர் என்னைப் பார்த்து, சார் யாரு என்றார். "எங்க அண்ணன். பொறந்த வீடு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். பட்டாளத்திலும் வெளியிலுமாக நாற்பது வருஷம் எழுத்தராக இருந்த எனக்கு, அந்தப் பேனா என்ன எழுதுமோ என்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனு மறுபடியும் வடக்கே போயிருக்கிறது. எனக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, அலைச்சல் அலுத்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் அண்ணன் போகும்போது என்னிடம் ஒரு தங்கையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரே மனுஷி முதலில் அண்ணியாகவும் பிறகு தங்கையாகவும் எப்படி இருக்க முடியும் என்று எந்த அலுவலகமாவது விளக்கம் கேட்டால், அதையும் நானே எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறோம்.