தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுகள்

காலை பதினொன்று நாற்பதுக்கு, அலிப்பூர் அரசு அலுவலகத்தின் கவுன்டரில் இருந்தவர் எங்கள் காகிதங்களைத் திருப்பித் தந்தார். நேரம் நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குள் முடிந்தால் லேக் மார்க்கெட்டில் இறங்கிக் கறிவேப்பிலையும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு நம்பிக்கையோடு போயிருந்தோம்.

"நடுவுல ஒரு வருஷம் விசாகப்பட்டினம் போயிருக்கீங்களே, தீதி" என்றார் அவர் வங்காளத்தில், என்னை அக்காவாக்கி. "தொடர்ச்சியா பத்து வருஷம் இங்க இருந்திருக்கணும். உங்களுக்கு முன்னால எட்டு, பின்னால அஞ்சு."

"மொத்தம் பதிமூணு" என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள், என்னைவிடப் பத்து மடங்கு நல்ல வங்காளத்தில்.

"கூட்டக் கூடாதும்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மகளுக்குச் சட்டம் படிக்க வேண்டும். நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய இடத்துக்கு, நாடு முழுவதற்குமான பொதுப் போட்டியில் சீட்டு வராது. இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் நிச்சயம் வரும். அதற்கு, இங்கே வசிப்பவள் என்று அரசாங்கம் ஒரு சான்றிதழ் தர வேண்டும். நான்கு வயதில் டாக்குரியாவுக்கு வந்தவள். ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சான்றிதழ் ஒரு சடங்கு என்றுதான் நினைத்தோம்.

சட்ட ஆசை எங்கள் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு அரசியலமைப்புப் பாடம் வந்தது. ஒப்பிக்கப் பிடிக்காதவள் என்பதால் நான் கேள்வி கேட்பேன், தோசை கல்லிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், அரசாங்கம் நிறைவேற்றும், நீதிமன்றம் இரண்டையும் தட்டிக் கேட்கும். மூன்று கட்டம் போட்டு அம்புக்குறியிட்ட படம் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் வெகுநாள் ஒட்டியிருந்தது.

"நீதான் சட்டம் போடறவ. அப்பா அதைச் செய்யறவர். நான் ஜட்ஜ்" என்பாள்.

"ஜட்ஜம்மா, முதல்ல தட்டை எடுத்து சிங்க்ல போடு" என்பார் என் கணவர்.

நானும் பட்டம் படித்தவள்தான். ஆனால் அடிப்படை உரிமைகளை அவளோடு உட்கார்ந்துதான் வரிவரியாகப் படித்தேன். நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், குடியமரலாம் என்ற வரியில் அவள் விரலை வைத்து, "அம்மா, இது நாமதான்" என்றாள். அமெரிக்காவில் மாநிலத்துக்கும் ஒரு குடியுரிமை உண்டாம், நமக்கு ஒன்றே ஒன்றுதானாம். மத்திய அரசு வேலை, ஊர் ஊராக மாற்றல், எங்கும் வேர் பிடிக்காத குடும்பம். எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

கவுன்டரிலிருந்து திரும்பியதும் இன்னொரு வழியைப் பார்த்தோம். பெற்றோருக்கு இங்கே நிரந்தர முகவரி இருந்தாலும் போதும். அது எங்களிடம் இல்லை. பதிமூன்று வருடம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களிடம் அது இல்லாமல் போனதற்கு எங்கள் கூட்டத்தின் ஒரு வழக்கம்தான் காரணம். மாற்றலில் திரிகிறவர்கள் நிரந்தர முகவரி என்ற இடத்தில் தமிழ்நாட்டு வீட்டு முகவரியைத்தான் எழுதுவோம். பணிப் பதிவேட்டில் அது, ஆதாரில் அது, வாக்காளர் அட்டையிலும் அது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு ரயிலேறிப் போய் மாயவரத்தில் ஓட்டுப் போட்டு, விரல் மையோடு திரும்பி வந்து அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம். இங்கே பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "எப்படியும் ஊருக்குத்தானே போகப் போறோம்" என்போம்.

சரி, அந்த ஊராவது ஏற்குமா என்று கணவர் தொலைபேசியில் விசாரித்தார். பேசி முடித்து, போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அங்க அவ பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கணுமாம். ஒரு கிளாஸ்கூடப் படிக்கலையே."

"கல்வி பொதுப் பட்டியல்ல இருக்குப்பா. சென்டர், ஸ்டேட் ரெண்டு பேருக்கும் பொறுப்பு" என்றாள் மகள். என் பக்கம் திரும்பி, "ஆனா ரெண்டு ஸ்டேட்டும் நம்மளை அடுத்தவங்க தலையில கட்டிட்டாங்க" என்றாள்.

அன்று மாலை அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசுக்குச் சொல்லும் பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம்.

"பிறந்த இடம்னு இருக்கும்மா. வசிக்கிற இடம்னு இல்ல. அடுத்த பிரிவுல அரசு வேலைக்கு மட்டும் அதையும் சேர்த்திருக்காங்க. படிப்புக்குச் சேர்க்கல." அவள் குரலில் கோபமில்லை. கணக்கு ஏன் தப்பானது என்று கண்டுபிடித்தவள்போல் இருந்தாள். "இத்தனை தடவை படிச்சோம், ரெண்டு பேரும் கவனிக்கவேயில்ல பாரேன்."

"ஹைகோர்ட்டுக்குப் போலாமே. ரிட் மனு போடலாம்ல?" என்று அவளிடமே கேட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான்.

கணவர் நிமிர்ந்தார். "கவர்ன்மென்ட் மேல கேஸா? நானே சர்வீஸ்ல இருக்கேன். ஏப்ரல்ல மாத்தல் வரும்போது எங்க தூக்கி அடிப்பாங்கன்னு தெரியாது. வேண்டாம்மா."

மகள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். படம் எப்போதோ கிழிந்து விழுந்திருந்தது. அவர்மேல் எனக்கும் கோபம் வரவில்லை. மறுநாள் அவர் விடுப்பெடுத்துக்கொண்டு மறுபடி அலிப்பூருக்குப் போய், மாடியில் ஒரு அதிகாரியின் அறை வாசலில் மதியம்வரை நின்றார். வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதாக அதிகாரி சொன்னாராம். இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் என்று வந்தவர் எழுதினால் பார்க்கலாமாம். கல்லூரிச் சேர்க்கை முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

நான் காத்திருக்கத் தொடங்கினேன். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. குளிக்கப் போனால் மகளை வாசலில் உட்காரச் சொன்னேன். வருகிறவருக்காக சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்து, புளித்ததும் கொட்டிவிட்டு மறுபடி வாங்கினேன். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரிகளின்மேல் கூரைவரை அட்டைப்பெட்டிகள். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, உள்ளே தெர்மாக்கோல்கூட உடையாமல். அடுத்த மாற்றலுக்கு வேண்டும் என்று எங்களில் யாரும் பெட்டியைத் தூக்கி எறிய மாட்டோம். நிலைத்துவிட்டவர்களின் வீட்டில் இது இருக்குமா? ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தமிழ் நாள்காட்டியைக் கழற்றிவிட்டு, மிட்டாய்க் கடையில் கொடுத்த வங்காள நாள்காட்டியை அந்த ஆணியில் மாட்டினேன்.

மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வர்றவர் பாத்தா..."

"இங்க இருக்கறவங்க மாதிரி நடிக்கணுமா? நாம இங்கதானேம்மா இருக்கோம்?"

ஆணியில் நாள்காட்டி கோணலாகத் தொங்கியது. அவள் வந்து அதை நேராக்கிவிட்டுப் போனாள்.

யாரும் வரவில்லை. கடைசி நாள் மாலை அவள் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குச் சேர்க்கை விண்ணப்பப் பக்கம் மூடிக்கொண்டது. "ஹோயே கேலோ" என்றாள், முடிந்துவிட்டது என்று. மனம் உடையும்போது அவளுக்கு வருவது வங்காளம்தான். எந்த அதிகாரி வந்து இதை எழுதிக்கொள்வார்? அவள் மடிக்கணினியை மூடிவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. போய்த் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்றேன்.

பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு சேர்ந்தாள். அந்தப் புத்தகம் மேசையில் இல்லை. எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளைக் கணவர் மறுபடி அலமாரிமேல் அடுக்கினார்.

பூஜை விடுமுறைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில், நான் காத்திருந்த அந்த மனிதர் வந்தார். நடுத்தர வயது, தோளில் பை, வியர்த்திருந்தார். அலிப்பூரிலிருந்து விசாரணைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார், ஆள் பற்றாக்குறையாம். சேர்க்கை எப்போதோ முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கணவர் கண்ணைக் காட்டினார். உட்காரச் சொல்லி மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். எந்தப் பள்ளி, எந்தத் தெரு, பேட்டையின் பூஜைப் பந்தலில் எந்த வருடம் என்ன வேலை செய்தாள். அவர் பேனாவை எடுக்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"இவ எங்க பொண்ணு, போவ்தி" என்றார் என்னிடம், அண்ணி என்று கூப்பிட்டு. "இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

பிறகு நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர், மகளின் தலையில் கையை வைத்து, வருத்தப்படாதே, அடுத்த வருடம் நேராக என்னிடமே வா, நானே எழுதித் தருகிறேன் என்றார். அப்போது அவர் பார்வை அலமாரிக்கு மேலே போனது. கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் இங்கதானே இருப்பீங்க?" என்றார்.